தக்காளியில் கோடு, பீன்ஸில் கோடு, எலுமிச்சையிலும் கோடு: எல்லாம் ஒரே ஈயா?

பிப்ரவரி 11, காலை (கேள்வி)

"தக்காளி இலையில் பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். இரண்டு வாரத்தில் பக்கத்துத் தொட்டி பீன்ஸுக்கும் வந்துவிட்டது. இப்போது எலுமிச்சைத் தளிரிலும் அதே கோடு. லீஃப் மைனர் (இலை குடையும் பூச்சி) வந்தால் எந்தச் செடியையும் விடாது, மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிற புழு அது என்கிறார்கள். தக்காளியைப் பிடுங்கிப் போட்டால் மற்றவை தப்புமா?"

பிப்ரவரி 11, இரவு

பிடுங்காதீர்கள்.

முதலில் வேர்க் கதையை முடித்துவிடலாம். அந்தப் புழு மண்ணிலிருந்து ஏறுவதில்லை, மண்ணுக்கு இறங்குகிறது. நீங்கள் கேள்விப்பட்டது தலைகீழ். இலைக்குள் கோடு போடுவது ஒரு ஈயின் புழு. தாய் ஈ 2 மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. கறுப்பு முதுகு, மஞ்சள் தலை, முதுகின் பின்கோடியில் ஒரு மஞ்சள் பொட்டு. உங்கள் கண்ணில் பட்டிருக்கும், கொசுவின் தம்பி என்று விட்டிருப்பீர்கள்.

தாய் தன் வயிற்று நுனியில் உள்ள கருவியால் இலையைக் குத்தி முட்டையை உள்ளே வைக்கும். இலை மேல் ஊசியால் குத்தியதுபோல வெளுத்த புள்ளிகள் தெரியுமே, அவைதான். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முட்டை. 2 முதல் 5 நாளில் பொரிந்து, புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே உள்ள சதையைத் தின்றுகொண்டே போகும். அது போன வழிதான் உங்கள் பாம்புக் கோடு. வெயில் காலமானால் 4 முதல் 7 நாளில் வளர்ந்து, இலையை அரைவட்டமாகக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கீழே விழும். மண்ணிலோ சருகிலோ கூட்டுப்புழுவாகி, ஒன்று இரண்டு வாரத்தில் மறுபடி ஈ.

தக்காளி, பீன்ஸ் இரண்டிலும் ஒரே ஈயாக இருக்க நல்ல வாய்ப்பு. எலுமிச்சையிலும் அதேதான்.

பிப்ரவரி 12

கோட்டைத் தலை முதல் வால் வரை படித்துப் பாருங்கள் என்று எழுத மறந்துவிட்டேன். தொடங்குகிற இடத்தில் நூல் மாதிரி இருக்கும். போகப் போக அகலும், ஏனென்றால் உள்ளே இருப்பவர் வளர்கிறார். அகன்ற முனையில்தான் ஆள் இருக்க வேண்டும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மஞ்சளாக ஒரு சின்ன உடம்பும் அதன் முன்கோடியில் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும். அந்தக் கறுப்புதான் வாய்க்கொக்கி. காலும் கிடையாது, தனியாகத் தலை என்றும் கிடையாது. கொக்கியை இடமும் வலமும் வீசி, அரிவாள் போடுகிற மாதிரி அறுத்துக்கொண்டே போகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஒரு முறை பார்த்துவிட்டால் அரை மணி நேரம் போவது தெரியாது.

அகன்ற முனையில் பிறை போல ஒரு கிழிசல் இருந்து ஆளைக் காணோம் என்றால் வீடு காலி. கோடு மட்டும் இலை உதிரும் வரை இருக்கும். இந்தக் காலி வீட்டுக்கு மருந்து அடிப்பவர்கள்தான் அதிகம். அடித்த பிறகும் "கோடு போகவில்லையே" என்று இன்னொரு முறை அடிப்பார்கள்.

பிப்ரவரி 13

எலுமிச்சை விஷயத்தில் தவறு செய்துவிட்டேன். கேட்டவர் இன்று அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அது ஈயே இல்லை, ஒரு அந்துப்பூச்சியின் புழு. பெயர் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை என்று அந்தச் சாதிக்குள்ளேயே சுற்றுவது. தக்காளிப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காது. இருபது வருஷமாகச் செடி வளர்க்கிறேன் என்ற தெம்பில், படம் பார்ப்பதற்கு முன்னால் பதில் எழுதினால் இப்படித்தான்.

எப்படிப் பிரிப்பது என்றால், எச்சத்தைப் பார்க்க வேண்டும். எலுமிச்சையில் கோட்டின் நடுவே ஒரே கறுப்பு இழை, சாலை நடுவில் போட்ட கோடு மாதிரி ஓடும். தக்காளி ஈயின் புழு ஒருக்களித்துப் படுத்துத் தின்னும். சிறிது நேரம் ஒரு பக்கம், அப்புறம் புரண்டு மறுபக்கம். அதனால் எச்சம் கோட்டின் இரண்டு ஓரத்திலும் மாறி மாறித் துண்டு துண்டாக விழும். இந்த ஒரு அடையாளம் பல நேரம் கைகொடுக்கும். இன்னொன்று: எலுமிச்சைப் புழு தோலை ஒட்டியே சாற்றைக் குடிப்பதால் கோடு வெள்ளித் தகடு போல மின்னும், தளிர் சுருண்டுபோகும். அது மண்ணுக்கும் இறங்காது. இலை ஓரத்தை மடித்து அதற்குள்ளேயே கூடு கட்டும்.

ஆகவே தக்காளியைப் பிடுங்கினால் எலுமிச்சைக்கு ஒரு பலனும் இல்லை. அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாத இரண்டு குடும்பத்துச் சண்டைகள்.

பிப்ரவரி 13, சற்று நேரம் கழித்து

ஒரு வாசகர் கேட்கிறார்: "ஈ, அந்து, இரண்டும் ஏன் ஒரே மாதிரி கோடு போடுகின்றன?" இலை தட்டையாக இருக்கிறது, உள்ளே சதை ஒரு சில அடுக்குதான். அதற்குள் புகுந்தவர் யாராக இருந்தாலும் கோடாகவோ திட்டாகவோதான் தின்ன முடியும். ஈ, அந்து மட்டுமல்ல, சில வண்டுகளும் சில ரம்ப ஈக்களும் (பெயரில்தான் ஈ, குளவியின் சொந்தம்) இதே தொழில் செய்கின்றன. லீஃப் மைனர் என்பது ஒரு தொழிலின் பெயர். குலப்பெயர் இல்லை. தச்சர் என்று சொன்னால் ஊரில் எந்தத் தச்சர் என்று கேட்போமே, அதைத்தான் இங்கேயும் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 17

"எந்தச் செடியையும் விடாது" என்ற கூற்றுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எழுத ஆசை, ஆனால் எலுமிச்சையில் வழுக்கி விழுந்ததால் நான்கு நாள் கூச்சமாக இருந்தது.

இந்த ஈக்களின் குடும்பம் அக்ரோமைசிடே. 3,000 இனங்கள் அளவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை மகா பிடிவாதக்காரர்கள். ஒரே செடி, அல்லது ஒரே பேரினம், மிஞ்சினால் ஒரே குடும்பம். ஹாலி மரத்து ஈ ஒன்று இருக்கிறது, ஃபைட்டோமைசா இலிசிஸ். ஐரோப்பிய ஹாலி தவிர வேறொன்றைத் தொடுவதில்லை. புல்லுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஃபைட்டோமைசா பேரினத்தில் ஒரு பெரிய கூட்டம் ரனன்குலஸ் (பட்டர்கப் பூ) குடும்பத்தைச் சுற்றியே வாழ்கிறது.

கென்னத் ஸ்பென்சர் என்பவர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஈக்களுக்கே கொடுத்தவர். உலகம் முழுவதும் எந்த ஈ எந்தச் செடியைத் தின்கிறது என்று தொகுத்து 1990இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். லிரியோமைசா என்ற பேரினத்தில் 300க்கு மேல் இனங்கள் உண்டு. அவற்றில் குடும்பம் தாண்டி மேயும் உண்மையான பலசெடித் தீனிக்காரர்கள் என்று அவர் சொன்னது ஐந்தைத்தான்: ட்ரைஃபோலி, சட்டைவே, ஹுய்டோப்ரென்சிஸ், பிரையோனியே, ஸ்ட்ரிகாட்டா. வேறு பேரினத்திலிருந்து ஃபைட்டோமைசா ஹார்டிகோலா மாதிரி சிலவற்றைச் சேர்க்கலாம். அதற்கு மேல் பெரிதாகத் தேறாது.

நம் தோட்டத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தச் சிலரைத்தான். அதனால்தான் "எதையும் விடாது" என்ற எண்ணம் வருகிறது. மற்ற ஆயிரக்கணக்கானவை யாருக்கும் தொல்லை தராமல் களைச் செடிகளில் வாழ்ந்து முடிகின்றன. ஊரில் குடிகாரர்களை மட்டும் பார்த்துவிட்டு ஊரே குடிக்கிறது என்று சொல்கிற மாதிரி.

லிரியோமைசா ட்ரைஃபோலி எதையெல்லாம் தின்னும்: செவ்வந்தி, செண்டுமல்லி, ஜெர்பெரா முதலான சூரியகாந்திக் குடும்பம் அதற்கு உயிர். அப்புறம் தக்காளி, உருளை, மிளகாய், பீன்ஸ், தட்டைப்பயறு, பட்டாணி, வெள்ளரி, பூசணி, பீர்க்கு, பருத்தி, வெண்டை, ஆமணக்கு, செலரி, வெங்காயம்கூட. 1880இல் அமெரிக்காவில் பர்ஜஸ் இதை விவரித்தபோது கிடைத்த செடி வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடி. அதன் பேரினப் பெயர் ட்ரைஃபோலியம், அதனால் ஈக்கும் அந்தப் பெயர். எந்தத் தட்டில் சாப்பிட்டபோது பிடிபட்டதோ, ஜாதகம் முழுக்க அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 17, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டேன்.

கம்பளிப்புழுவுக்கு இலை பிடிக்கவில்லை என்றால் இறங்கி அடுத்த செடிக்கு நடக்கலாம். நம் புழுவுக்கு அது கிடையாது. அம்மா எந்த இலையில் வைத்தாளோ அதுவேதான் வீடு, சாப்பாடு, உலகம். அதைக் கிழித்து வெளியே வந்தால் திரும்ப உள்ளே போகத் தெரியாது. ஆகவே தேர்வு முழுவதும் தாயின் தலையில். அவள் இலையைக் குத்துவது முட்டை வைக்க மட்டும் இல்லை, ருசி பார்க்கவும்தான். குத்திவிட்டுத் திரும்பி, வழிகிற சாற்றை நக்கிப் பார்க்கிறாள். இலையின் வேதிப்பொருளோ ரோமமோ சரிப்படாவிட்டால் வேறு இடம் பார்க்கிறாள்.

இதனால் 11ஆம் தேதி எழுதிய இன்னொன்றும் தவறாகிறது. "ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முட்டை" என்றேன். இல்லை. ட்ரைஃபோலி, சட்டைவே இரண்டிலும் குத்துகளில் ஏறக்குறைய 15 சதவீதத்தில்தான் உயிருள்ள முட்டை இருக்கும். மற்றதெல்லாம் சாப்பாட்டுக் குத்து. நூறு புள்ளி பார்த்துப் பயப்படுகிறவர்கள் பதினைந்துக்குப் பயந்தால் போதும்.

ஆணுக்கு அந்தக் குத்துக் கருவி இல்லை. பெண் குத்திய துளையைத் தேடிப் போய்க் குடித்துவிட்டு வருகிறது. ஓசிச் சாப்பாடு.

பிப்ரவரி 18

குடமிளகாய் வளர்ப்பவர் ஒருவர், "பக்கத்துத் தக்காளியில் கோடு இருந்தும் என் குடமிளகாயில் ஒன்றும் இல்லையே, பட்டியலில் மிளகாயும் உண்டே" என்கிறார்.

நல்ல இடத்தில் கை வைத்தார். பட்டியல் என்பது ட்ரைஃபோலி என்ற பெயரில் உலகம் முழுக்கக் கிடைத்த எல்லாச் செடிகளின் கூட்டல். ஒரு தனி ஈயோ, ஒரு ஊர்க் கூட்டமோ அத்தனையையும் தின்னும் என்று அர்த்தம் இல்லை. குடமிளகாயில் நன்றாக வாழும் ட்ரைஃபோலிக் கூட்டம் அமெரிக்காவில் மரபணு அளவிலேயே தனியாக நிற்கிறது. உலகம் சுற்றிய கூட்டம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஹுய்டோப்ரென்சிஸ் கதை இன்னும் வேடிக்கை. கலிபோர்னியாவில் உள்ளதையும் தென் அமெரிக்காவில் உள்ளதையும் ஒரே இனம் என்று வெகு காலம் எழுதிவந்தார்கள். 2001இல் டிஎன்ஏ பார்த்து, கலிபோர்னியாவில் உள்ளது வேறு, அது லிரியோமைசா லாங்கேய் என்று பிரித்தார்கள். பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள் என்பதில் எலுமிச்சையில் தோற்ற எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அப்படியானால் ஈயின் பெயரைச் செடியை வைத்துச் சொல்லவே முடியாதா? பிடிவாதக்கார இனங்களில் முடியும். செடியும் கோட்டின் வடிவமும் தெரிந்தால் பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். பலசெடித் தீனிக்காரர்களில்தான் சிக்கல். ட்ரைஃபோலியும் சட்டைவேயும் இலையின் மேல்பக்கச் சதையில் கோணல்மாணலாகப் போகும். ஹுய்டோப்ரென்சிஸ் பெரும்பாலும் அடிப்பக்கச் சதையில், நடு நரம்பை ஒட்டி ஓடும், அதனால் அடியில் திருப்பிப் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். முதல் இரண்டில் ட்ரைஃபோலியின் முதுகு மங்கிய சாம்பல் கறுப்பு, சட்டைவேயின் முதுகு எண்ணெய் தடவினது போலப் பளபளப்பு. புழுவின் பின்கோடி மூச்சுத்துளைக் கொம்பில் இவ்விரண்டுக்கும் மூன்று துளை, ஹுய்டோப்ரென்சிஸுக்கு 6 முதல் 9. உறுதியாகச் சொல்ல ஆண் ஈயின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நான் அந்த அளவுக்குப் போனதில்லை. போகிற உத்தேசமும் இல்லை.

பிப்ரவரி 20

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று இன்று என் செடிகளில் கோடுள்ள இலைகளைப் பறித்து பாட்டிலில் போட்டேன். பழைய ஜாம் பாட்டில், வாயில் மெல்லிய துணி, அடியில் உலர்ந்த காகிதம். தக்காளி ஒன்று, பீன்ஸ் ஒன்று, தொட்டியோரம் தானாக முளைத்த ஒரு காட்டுச் செடி ஒன்று. மூன்றாவதன் பெயர் எனக்குத் தெரியாது. பால் வருகிறது, மஞ்சள் பூ, காற்றில் பறக்கும் விதை. சூரியகாந்திக் குடும்பம் என்பது மட்டும் உறுதி.

முன்பு ஒரு முறை மூடியை இறுக்கி மூடிவிட்டு, மூன்றாம் நாள் திறந்தால் உள்ளே பூஞ்சணக் காடு. துணிதான் சரி.

பிப்ரவரி 21

காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். தக்காளி பாட்டிலின் காகிதத்தில் நான்கு அரிசி நொய். நொய் இல்லை, கூட்டுப்புழுக்கள். புழுவின் கடைசித் தோலே சுருங்கி இறுகி உறையாகிவிடுகிறது. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்றை விரல் நுனியில் எடுத்தேன், மூச்சு விட்டேன், காணாமல் போய்விட்டது. மேசைக்கு அடியில் எங்காவது ஒரு ஈ பிறக்கும்.

பிப்ரவரி 22

பீன்ஸ் இலையிலிருந்து யாரும் இறங்கவில்லை. காட்டுச் செடியில் வேறு நடக்கிறது: கூட்டுப்புழு இலைக்குள்ளேயே, அடித்தோலுக்குப் பக்கத்தில் சின்ன வீக்கமாகத் தெரிகிறது. லென்ஸில் பார்த்தால் தோலைத் துளைத்துக்கொண்டு இரண்டு குட்டிக் கொம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூச்சுக்குழாய்கள். முத்துக்குளிப்பவர் குழாயை மேலே நீட்டி மூச்சு விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இது ட்ரைஃபோலி இல்லை. ஃபைட்டோமைசா ஹார்டிகோலாவும் அதன் நெருங்கிய சொந்தங்களும் இப்படி இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி மூச்சுக்கொம்பை வெளியே நீட்டுபவை. 11ஆம் தேதி "மண்ணுக்கு இறங்குகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினேனே, அதற்கும் திருத்தம் போடுகிறேன்: சில இறங்கும், சில இறங்காது. மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு செத்துவிடும் என்று அறிவுரை சொல்பவர்கள் இதையும் கவனிக்கலாம்.

பிப்ரவரி 27

பீன்ஸ் பாட்டில்! எழுதாமல் இருக்க முடியவில்லை.

இறங்காமல் இருந்த இலையை இன்று வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கோட்டின் அகன்ற முனையில் ஈயின் புழு பழுப்பாகி, காற்றுப்போன பலூனாகத் தொய்ந்து கிடந்தது. பக்கத்தில் கறுத்த சின்னக் கூட்டுப்புழு ஒன்று. அதைச் சுற்றி, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே, கறுப்புக் கறுப்பாகச் சின்னத் தூண்கள். எண்ணிப் பார்த்தேன், ஆறு. மண்டபம் கட்டி நடுவில் படுத்திருக்கிறது.

இது டிக்ளைஃபஸ் வகைக் குளவி. தாய்க் குளவி இலையின் மேல் நடந்து, தோலுக்கு அடியில் உள்ள புழுவைக் கண்டுபிடித்து, ஊசி போட்டு முடக்கி, அதன் பக்கத்தில் ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். குளவிக் குஞ்சு ஈப்புழுவை வெளியிலிருந்தே உறிஞ்சித் தின்னும். தின்று முடித்துக் கூட்டுப்புழு ஆவதற்கு முன்னால், இலை காய்ந்து சுருங்கினால் மேலும் கீழும் ஒட்டி நசுக்கிவிடுமே என்று, தன் எச்சத்தாலேயே தூண் எழுப்பி இரண்டு தோலையும் பிரித்து நிறுத்திக்கொள்கிறது. சுரங்கத்தில் முட்டுக்கொடுக்கிற வேலைதான்.

தாய்க் குளவி எல்லாப் புழுவின் பக்கத்திலும் முட்டை வைப்பதில்லை. சிலவற்றைக் குத்தித் தான் குடித்துவிட்டு விட்டுவிடும். அவையும் செத்தவைதான். கண்ணாடிப் பசுமைக்குடில்களில் இந்த டிக்ளைஃபஸ் இசியாவைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். நமக்கு அதுவாகவே வந்திருக்கிறது.

ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. கோடு தெரிந்தால் கட்டைவிரலால் அமுக்கி நசுக்கிவிடுவது என் பழக்கம். எத்தனை மண்டபங்களை இடித்தேனோ.

மார்ச் 1

கேட்டவர் எழுதியிருக்கிறார்: பொறுக்க முடியாமல் மருந்து அடித்துவிட்டாராம், முதல் வாரம் சுத்தம், இப்போது முன்பைவிட மூன்று மடங்கு கோடு.

அடித்தது எது என்று சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே பாடு பட்டேன். விற்றவர் "எல்லாத்தையும் கொல்லும்" என்று கொடுத்ததை வாரம் ஒரு முறை அடித்தேன். அது தோலுக்குள் ஊறாத ரகம். உள்ளே இருந்த புழு குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. வெளியே அலைந்த குளவிகள் மட்டும் போயின. அந்தப் பருவத்தில் பீன்ஸில் பச்சை தெரியவில்லை.

இது என் அதிர்ஷ்டக் குறைவு மட்டும் இல்லை. லிரியோமைசாவைப் பொறுத்தவரை, கண்டதையும் கொல்லும் மருந்தால் குளவி செத்து ஈ பெருகுவது பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். வயலில் குளவி எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, வேண்டுமென்றே அப்படிப்பட்ட மருந்தை அடித்துக் குளவியை நீக்கிவிட்டு ஒப்பிடுவதே ஆய்வாளர்களின் ஒரு முறை. ட்ரைஃபோலிக்கு மருந்துகளைத் தாங்கும் சக்தியும் சீக்கிரம் வந்துவிடுகிறது. புளோரிடாவின் செலரி வயல்களில் புதுப்புது மருந்துகள் சில வருஷங்களிலேயே பல்லிழந்தன. இலைக்குள் ஊறும் அபாமெக்டின், ஸ்பினோசாட், புழு தோல் உரிப்பதைக் கெடுக்கும் சைரோமசின் ஆகியவை வேலை செய்பவை. ஆனால் நான்கு தொட்டிக்கு அவ்வளவு தூரம் போவானேன்.

நாற்றுப் பருவத்தில், இரண்டே இலை இருக்கும்போது கோடு விழுந்தால் கவலைப்படுங்கள், அந்த இலையைக் கிள்ளிவிடுங்கள். வளர்ந்த தக்காளியில் அடி இலைகளில் நாலு கோடு என்றால் காய்ப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிடலாம், ஈக்கு மஞ்சள் பிடிக்கும். ஆனால் அட்டையை வைத்து ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாமே தவிர, அதை நம்பி ஒழிக்க முடியாது.

மார்ச் 2

"இவை எல்லா நாட்டுக்கும் எப்படிப் போயின?" என்று ஒரு கேள்வி. பூ வழியாக. ட்ரைஃபோலி அமெரிக்கக் கண்டத்து ஈ. 1970களில், நட்டு வளர்க்க அனுப்பிய செவ்வந்தித் தண்டுத் துண்டுகளுடன் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலிலும் விமானத்திலும் போனது. முட்டை இலைக்குள்ளே இருப்பதால் பார்ப்பவர் கண்ணில் படாது. குளிரில் வைத்தால் செத்துவிடும் என்று நினைத்தார்கள். புதிதாக இட்ட முட்டை 0 டிகிரியில் மூன்று வாரம் வரை தாங்குகிறது! ஒன்றரை, இரண்டு நாள் வளர்ந்த முட்டையோ அதே குளிரில் ஒரு வாரத்தில் சாகிறது. அதனால் துண்டுகளை உடனே குளிரில் வைக்காமல், மூன்று நான்கு நாள் சாதாரண வெப்பத்தில் வைத்து முட்டை பொரியவிட்டு, அப்புறம் குளிரில் வைக்கும் முறை வந்தது.

வெப்பம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு: செலரியில் ஒரு பெண் ஈ 15 டிகிரியில் 25 முட்டை இட்டது, 30 டிகிரியை ஒட்டி 400.

மார்ச் 4

தக்காளி பாட்டிலில் இரண்டு ஈ. நடுப்பகலுக்கு முன்பே வந்துவிட்டன. பிறந்தவுடன் இறக்கை கசங்கின காகிதம், நெற்றியில் ஒரு பை ஊதி ஊதி அடங்குகிறது. அந்தப் பையை ஊதித்தான் உறையின் மூடியைத் தள்ளித் திறக்கிறது. முதுகு மங்கல் கறுப்பு. ட்ரைஃபோலி என்று எழுதிவைத்திருக்கிறேன், பென்சிலில்.

மூன்றாவதும் வந்தது, ஆனால் அது ஈ இல்லை, கூட்டுப்புழு உறையைக் கடித்துத் துளைத்து வந்த வேறொரு குளவி. இந்த ரகம் புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டை வைத்துவிடும். புழு ஒன்றும் தெரியாமல் தின்று, இறங்கி, கூட்டுப்புழு வரை ஆகும். நாலில் ஒன்று என் மூச்சுக்காற்றோடு போய்விட்டதால் கணக்கு முடிந்தது.

மார்ச் 5

ஹாலி ஈயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லச் சொன்னார்கள். வருஷத்துக்கு ஒரே தலைமுறை. கோடை தொடக்கத்தில் இளம் இலையின் நடு நரம்பில் முட்டை. புழு முதலில் நரம்புக்குள், அப்புறம் இலைக்குள் திட்டாகத் தின்று, குளிர்காலம் முழுவதும் அங்கேயே. ஹாலி இலை உதிராத ரகம் என்பதால் இந்தச் சாவகாசம். ப்ளூ டிட் என்ற சிறு பறவை குளிர்காலத்தில் இலையைக் கிழித்துப் புழுவை எடுத்துத் தின்னும். கிழிசலின் வடிவத்தைப் பார்த்தே இது பறவை, இது குளவி வெளியேறிய வட்டத் துளை, இது ஈ வெளியேறிய பெரிய துளை என்று சொல்லலாம். ஒரு இலைக்குள் நடந்ததை எல்லாம் அந்த இலையே எழுதி வைத்திருக்கிறது.

இலை குடையும் ஈ எல்லாம் அக்ரோமைசிடே அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சொல்வார்கள். பீட்ரூட், பசலை வகைகளில் பெரிய திட்டாகத் தின்னும் பெகோமையா வேறு குடும்பம். அதன் முட்டை இலைக்கு வெளியே, அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும். அதன் புழுவால் ஒரு இலையை விட்டு இன்னொன்றில் புகவும் முடியும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தில் குடையும் ஸ்காப்டோமைசா ஃப்ளாவா, ஆய்வுக்கூடத்துப் பழ ஈயான ட்ரோசோஃபிலாவின் சொந்தம். சொந்தங்கள் எல்லாம் அழுகல் பழமும் ஈஸ்ட்டும் தின்றுகொண்டிருக்க, இது மட்டும் காரமான கடுகு இலைக்கு மாறிவிட்டது. ஈஸ்ட் வாசனையை உணரும் சில மரபணுக்களையும் வழியில் தொலைத்திருக்கிறது.

மார்ச் 9

காட்டுச் செடி பாட்டிலில் நேற்று ஒரு ஈ. சாம்பல் நிறம், மஞ்சள் பொட்டு இல்லை. ஆக மூன்று அடி தூரத்தில், ஒரே மாதிரி கோடு போட்ட செடிகளில், இரண்டு வெவ்வேறு ஈ, குறைந்தது இரண்டு குளவி. காட்டுச் செடியைக் களை என்று பிடுங்கலாமா என்று ஒருவர் கேட்டார். ட்ரைஃபோலிக்கு அதுவும் பிடித்த செடிதான், அதனால் அங்கிருந்து தக்காளிக்கு ஈ வரலாம். ஆனால் அங்கே வளரும் குளவிகளும் தக்காளிக்கு வரும். நான் விட்டுவைத்திருக்கிறேன். இன்று காலை அதன் இலையில் ஒரு குளவி கொம்பால் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு கோட்டின் அகன்ற முனையில் நின்றது, வயிற்றை வளைத்தது. நான் லென்ஸை எடுத்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

எலுமிச்சைக்காரர் கவனிக்கவும்: நீங்கள் மடிந்த இலை ஓரத்தைப் பிரித்துப் பார்த்துப் படம் அனுப்புவதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது.